இறங்காத அரிசி

திருவனந்தபுரத்தில் விடியற்காலை நாங்கள் ஏறிய கரிவாயு பஸ் மலை மேட்டில் மூச்சிரைத்து நிற்கிறது. யுத்தகாலம், பெட்ரோல் கிடையாது.

"எல்லாரும் எறங்கணும் கேட்டோ, இவ்வளவு பாரத்த வண்டி வலிக்காது," என்கிறார் கண்டக்டர்.

மேலே ஏரிக்கரைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் அரிசி மூட்டைகள் மட்டும் இறங்கவில்லை. டிக்கெட் வாங்கிய நாங்கள் உருளும் வண்டிக்குப் பின்னால் நடக்கிறோம். கால் கெஞ்சுகிறது, எரிச்சலாக வருகிறது.

வழியெல்லாம் கைக்குழந்தையோடு முன் பெஞ்சில் இருந்தவள், அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் திருநெல்வேலிக்காரி. இப்போது வெறுங்கையோடு நடக்கிறாள்.

"பிள்ளை எங்கேம்மா?" என்று பதறுகிறேன்.

வண்டியைக் காட்டுகிறாள்.

"மூட்டைக்கு நடுவுல படுக்கப் போட்டிருக்கேன், அண்ணாச்சி. அரிசிய எறக்க மாட்டாவல்லா?"