முதல் அழுகைக்காக ஒரு பொய்

மூத்தவன் பிறந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவசர ஆபரேஷன், முழு மயக்கம். கண் விழித்தபோது அவன் துணி சுற்றி என் நாத்தனார் மடியில் சமர்த்தாகக் கிடந்தான். அவன் அழுத முதல் அழுகையைக் கதவுக்கு வெளியே நின்று அவள்தான் கேட்டாளாம். அதை இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெற்றவள் நான், பெருமை அவளுக்கு! எனக்கு வயிறு எரியும்.

அதனால் இரண்டாவதுக்கு வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், என்ன ஆனாலும் இந்த முறை தூங்கமாட்டேன் என்று. மலை வளைவுகளில் தலைசுற்றிக் கிடந்த மனுஷன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்.

இந்த முறையும் ஆபரேஷன்தான் என்றாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டரம்மா நல்ல மாதிரி. முதுகில் ஊசி போட்டால் கீழ்ப்பாதி மரத்துவிடும், முழிப்போடு இருக்கலாம் என்றார். குனிந்து உட்காரச் சொல்லிப் போட்டார். கால்கள் சூடாகி, பிறகு வேறு யாருடைய கால்களோ போலக் கனத்தன. என்னைப் படுக்கவைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சைத் தொப்புள் பக்கம் வைத்து, சில்லென்று இருக்கிறதா என்று கேட்டார். நன்றாகவே சில்லென்றது, சொன்னேன். மருந்து போதிய அளவு மேலே ஏறவில்லை, ஏறாவிட்டால் முழு மயக்கம்தான் என்று அவர் நர்ஸிடம் மெதுவாகச் சொன்னார். என் காதில் விழாமலா போகும்?

அடுத்து பஞ்சை வைத்தபோது இல்லை என்றேன். கொஞ்சம் மேலே வைத்தார், இல்லை. நெஞ்சில் இல்லவே இல்லை. தோளில் வைத்தார். அங்கேயும் இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

"ஏம்மா, தோள் மரத்துப்போற மாதிரி நான் ஊசி போடலியே," என்றார்.

மாட்டிக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வர, நாத்தனார் கதை முழுவதையும் கொட்டினேன். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் திட்டினார். வலி தெரிகிற இடத்தில் கத்தி வைத்தால் துடிக்கப்போவது யாராம்? பிறகு மேஜையின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னார். அந்த மருந்தில் குளுக்கோஸ் கலந்திருப்பதால் கனமாம், பள்ளம் பார்த்து ஓடுமாம். காத்திருந்தோம். குலசாமியை வேண்டிக்கொண்டேன். மறுபடி பஞ்சு. இந்த முறை நெஞ்சுவரை சத்தியமாகச் சில்லிப்பே இல்லை. என்னை நம்பாமல் கிள்ளியும் பார்த்தார். தோளுக்கு வருமுன்பே, அங்கே சில்லென்று இருக்கிறதுங்க என்று முந்திக்கொண்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் இழுப்பதும் அமுக்குவதும் தெரிந்தது, வலி துளியும் இல்லை. திடீரென்று வயிறு லேசானது. ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அழுதாள் பாருங்கள், என் மகள்! தொண்டையா அது! எனக்கும் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. நர்ஸ் அவளைத் துடைத்து என் கன்னத்தருகே கொண்டுவந்து, அழாதே அழாதே என்று தட்டிக்கொடுத்தார்.

"வுடுங்க சிஸ்டர், அழட்டும்," என்றேன். "நான் கேட்டுக்கினு இருக்கேன்."