துரைக்கு மூன்று கிண்ணம்

சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி, மூன்றாவது கிண்ணத்தை இரண்டு விரலால் மெல்ல முன்னால் நகர்த்தினார் பல்செட்காரர். முதல் கிண்ணத்தில் பச்சை இறைச்சி. இரண்டாவதில் கோழியும் சோறும் கேரட்டும் குழைய வேகவைத்தது. மூன்றாவதில் கடையில் பையாக வாங்கிய உருண்டைத் தீனி. எதிரே உட்கார்ந்திருந்த பழுப்பு நாய் மூன்றையும் வரிசையாக முகர்ந்தது. பிறகு, கடை முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் இறங்குகிறவரைப் போல எழுந்து போய்விட்டது.

“துரைக்கு இன்னைக்கும் பிடிக்கலையாம்” என்றார், மனைவிக்குக் கேட்கும்படி.

“எனக்கும் ஒரு நாள் மூணு கிண்ணம் வச்சுப் பாருங்களேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டேன்” என்று அடுத்த அறையிலிருந்து பதில் வந்தது. அந்த அம்மாள் நூலகத்தில் வேலை பார்க்கிறவர். குரலை உயர்த்தாமலே குத்துவார்.

பல்செட்காரருக்கு வீட்டின் முன்னறைதான் பட்டறை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, இளஞ்சிவப்பு ஈறு கட்டி, பல் பதித்துக் கொடுப்பார். இருபத்தெட்டு வருடத் தொழில். யாரைப் பார்த்தாலும் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். பேருந்தில் யாராவது சிரித்தால், “அந்தக் கீழ்வரிசை நம்மளது” என்று மனைவியின் காதில் சொல்வார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடிக்கும்போது சேரும் உயரத்தில் மட்டும் சமரசமே கிடையாது. “ஒரு மயிரிழை தூக்கியிருந்தா போதும், அந்த மனுஷனுக்குச் சோறே வெறுத்துடும்” என்று அரத்தை மறுபடி கையில் எடுப்பார்.

துரை அவர் தேடி வாங்கிய நாய் அல்ல. மைத்துனன் வெளிநாட்டுக்குப் போகும்போது, “ஒரே ஒரு மாசம் பாத்துக்கங்க மாமா” என்று விட்டுப்போனது. அந்த ஒரு மாதம் இரண்டு வருடமாகிவிட்டது. வந்த சமயத்தில் இவருக்கு இதய அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நடக்கச் சொல்லியிருந்தார்கள். இவரோ நாற்காலியை விட்டு எழவே பயந்தார். மார்பில் போட்ட தையல் பிரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. துரை கழுத்துவாரை வாயில் கவ்விக்கொண்டு வந்து அவர் முழங்காலில் வைத்தது. தள்ளிவிட்டார். மறுபடி வைத்தது. முதல் நாள் விளக்குக் கம்பம் வரை போனார்கள். அடுத்த வாரம் தெருமுனை. மூன்றாவது மாதம் பூங்காவை முழுதாக ஒரு சுற்று. “டாக்டர் நெஞ்சைத் திறந்து மூடினார். என்னை நடக்க வச்சது இவன்தான்” என்பார், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

அப்படிப்பட்டவனுக்கு நாக்கு மட்டும் நீளம். பைத் தீனியை ஒரு வாரம் தின்றுவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். வேறு பை வாங்கினார். அதற்கும் அதே மரியாதை. மனைவி வெங்காயம், உப்பு சேர்க்காமல் தனியாகச் சமைத்துப் போட்டார். கோழியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கேரட்டைத் தரையில் துப்பினான். பூங்காவில் கூட நடக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் அடித்துச் சொன்னார்: “நாயை நாய் மாதிரி வளக்கணும் சார். பச்சையா குடுங்க, எலும்போட குடுங்க. அப்புறம் பாருங்க.”

கொடுத்தார். எட்டு நாள் கிண்ணம் பளபளத்தது. பல் வாங்க வந்தவர்களிடமெல்லாம் பச்சை இறைச்சியின் பெருமையைப் பேசினார். ஒன்பதாம் நாள் துரை அதையும் தொடவில்லை. அன்று ஆரம்பித்ததுதான் மூன்று கிண்ணம்.

மூன்று கிண்ணம் வைக்க ஆரம்பித்த ஐந்தாம் நாள் காலை நடையில், தெருமுனை திரும்பியதும் துரை உட்கார்ந்துவிட்டது. எத்தனை கெஞ்சியும் எழவில்லை. அதை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க அவர் வீட்டு வாசலுக்கு வந்தார். மனைவி நூலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். பல்செட்காரர் மேசைமேல் நாயை விட்டதும் விடாததுமாக ஆரம்பித்தார். பச்சையா, சமைத்ததா, பையா, எதை எத்தனை நாள், எத்தனை கிராம்.

“மூணுல எதும்மா சரி? நீங்க சொல்றதை அப்படியே செய்யறேன்.”

“அதுக்கு அப்புறம் வருவோம் ஐயா. முதல்ல வாயைக் காட்டுங்க.”

மருத்துவர் துரையின் மேலுதட்டைத் தூக்கினார். பின்பக்கத்துப் பெரிய பல் நெடுக்காகப் பிளந்திருந்தது. சுற்றிலும் ஈறு வீங்கிச் சிவந்து கிடந்தது.

“இப்போ சாப்பிடாதது பிடிவாதம் இல்ல ஐயா, வலி. பசி இருக்கு. கடிக்க முடியல.”

பல்செட்காரர் குனிந்து பார்த்தார். எத்தனையோ ஆயிரம் தாடைகளை அளந்த கண். தினமும் தடவிக்கொடுக்கிற இந்த ஒரு வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

“எலும்பு போட்டது நான்தாம்மா” என்றார்.

“நல்லதுன்னு நெனச்சுதானே போட்டீங்க. நாளைக்கே பல்லை எடுத்துடலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சீழ் கண்ணு வரைக்கும் ஏறியிருக்கும். நல்லவேளை கொண்டுவந்தீங்க.”

மறுநாள் பல்லை எடுத்தார்கள். மயக்கம் தெளியும்வரை அவர் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு மருத்துவர் நிதானமாக விளக்கினார். பச்சை இறைச்சியில் கிருமி இருக்கும், இதய அறுவை ஆனவர் வீட்டுக்கு அது வேண்டாம். வீட்டுச் சமையல் நல்லதுதான், ஆனால் அது மட்டும் என்றால் சுண்ணாம்புச் சத்தும் இன்னும் சிலதும் குறைந்துபோகும். பைத் தீனியையே அடிப்படையாக வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மேலே ஒரு கரண்டி வெந்த கோழியும் கேரட்டும். இருபது நிமிடம் வைத்துப் பார்த்து, தின்னாவிட்டால் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும்.

“இந்த வாய்க்கு எது பொருந்துதோ அதுதான் ஐயா சரி. உங்க தொழில்லயும் அப்படித்தானே?”

மருத்துவருக்கு நன்றி சொல்லப் பல்செட்காரர் வரும் வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தார். வாசலில் நின்றபோது, “வரேம்மா” என்பது மட்டும்தான் வந்தது.

முதல் இரண்டு நாள் துரை நக்கிப் பார்த்ததோடு சரி. இருபது நிமிடம் முடிந்ததும் இவர் கை இன்னொரு கிண்ணத்தைத் தேடிப் போனது. மனைவி அலமாரிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

“ஒரே கிண்ணம். டாக்டர் என்ன சொன்னாங்க?”

“பாவம்டி, பசிக்கும்.”

“பசிக்கட்டும். அதுக்குத்தான் எடுக்கச் சொன்னாங்க.”

மூன்றாம் நாள் காலை பாதிக் கிண்ணம் காலி. அந்த வாரக் கடைசியில் முழுதும். கேரட்டை மட்டும் இன்றைக்கும் துப்புகிறது; அதில் இரண்டு பேருக்குமே ஆட்சேபம் இல்லை. அந்த அம்மாள் வேலைக்குக் கிளம்பும்போது, யாரும் பார்க்காத மாதிரி துரையின் நெற்றியில் ஒரு விரலை வைத்து எடுத்துவிட்டுப் போகிறார்.

பதினைந்தாம் நாள் காலை, துரை கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. மருத்துவர்தான்.

“எப்படி இருக்கான் ஐயா? சாப்பிடறானா?”

பல்செட்காரர் மெதுவாக மண்டியிட்டு, கையை நீட்டி, தொலைபேசியைக் கிண்ணத்தின் விளிம்புக்குப் பக்கத்தில் பிடித்தார்.