சரிவில் எடுத்த அளவு

எடைமேடைக்காரர் இடது கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, அளவுக்குச்சியை எஞ்சினிலிருந்து மெல்ல உருவினார். வலது கையில் காஸ் துணி. புண்ணுக்குக் கட்டுப்போட வாங்கியது. அம்மா போன பிறகு பெட்டியில் இரண்டு பொட்டலம் மிச்சம் கிடந்தது. குச்சியை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்தார். மறுபடி உள்ளே விட்டு, மூன்று எண்ணி, வெளியே எடுத்தார். குச்சியின் நுனியில் இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கு இன்னும் ஒரு நூல் பாக்கி இருந்தது.

"இன்னிக்கும் பத்தலையா உனக்கு?" என்றார் வண்டியைப் பார்த்து.

மருந்துக் குவளையில் கோடு பார்த்து ஆயிலை ஊற்றி, புனல் வழியாக விட்டார். பிறகு உள்ளே போய் நோட்டை எடுத்து எழுதினார்: வெள்ளி, காலை ஐந்தரை. ஆயில் குறைவு. கொடுத்தது 150 மில்லி.

அந்த நோட்டின் முன்பாதி முழுக்க அம்மாவின் கணக்கு. காய்ச்சல் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு. ஒன்பது வருஷத்தில் இது பதினாலாவது நோட்டு. அம்மா இறந்து நான்கு மாதமாகிறது. ஆனாலும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்த கைக்கு வேலை வேண்டியிருக்கிறது. ஐம்பத்து நான்கு வயதில், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், இரண்டு அறை வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பவர் ஐந்தரை மணியை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்?

பகலில் அவருக்கு வேலை ஒரு சிமெண்ட் ஆலையின் வாசலில். லாரிகள் ஏறி நிற்கும் எடைமேடை, அதை ஒட்டிக் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் அவர். லாரி கொஞ்சம் கோணலாக நின்றாலும் எடை தப்பும் என்பதால் ஒலிபெருக்கியில் நாள் முழுக்க ஒரே வசனம்தான்: "நேரா நிறுத்து!" ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் அதுதான். நாளைக்கு இருநூறு லாரி வந்தாலும் கூண்டுக்குள் ஒருவரும் வர மாட்டார்கள். சீட்டை ஒரு துளை வழியாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வண்டியை அவர் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. ஆறு வருஷம் ஓடிய பெட்ரோல் கார். சின்ன எஞ்சின், ஆனால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளி வேகம் கூட்டும் டர்போ வைத்தது. வேலையை விட்டு வெளிநாடு போன ஆலை அதிகாரி விற்றுவிட்டுப் போனது. பழைய வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

வாங்கியதற்குக் காரணம் அக்கா. நாலு மணி நேரப் பயண தூரத்தில், வேறொரு ஊரில் இருக்கிறாள். கணவர் இல்லை, பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. அம்மா இறந்த அன்று வந்தவள் நேரே உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். இரண்டு நாள் தூங்காதிருந்த எடைமேடைக்காரர், அக்கம்பக்கத்தார் நிற்கும்போதே சொல்லிவிட்டார்: "ஒன்பது வருஷமா வழி தெரியாதவளுக்கு அலமாரிக்கு மட்டும் வழி தெரியுதா?"

அக்கா வேண்டியதை எடுத்துக்கொண்டு அலமாரியைச் சாத்தினாள். எல்லாம் முடியும்வரை இருந்துவிட்டு, கைப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்று மாதம் பேச்சு வார்த்தை கிடையாது. பிறகு அவளேதான் கூப்பிட்டாள். மாடி அறை காலியாக இருக்கிறது, சனிக்கிழமை வா என்றாள். கார் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார். வாங்கியும்விட்டார். ஆனால் முதல் சனிக்கிழமை வண்டிக்குக் கூலண்ட் மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமை டயர் சரியில்லை. அதற்குப் பிறகு அக்கா சொன்னாள்: "இந்த வாரமும் வரலைன்னா நான் கூப்பிடறதை விட்டுடறேன்டா. கோபமெல்லாம் இல்ல. சும்மா காத்திட்டிருக்க எனக்கு முடியல."

நாளைக்குச் சனிக்கிழமை.

அதனால்தான் லீவு போட்டுவிட்டு, பெட்ரோல் நிரப்பிக் காற்றும் பார்த்து வரலாம் என்று வண்டியை எடுத்தார். மேம்பாலத்தில் ஏறும்போது காலைச் சற்று அழுத்தினார். பின்னால் வந்தவன் விடாமல் ஹாரன் அடித்தான். கண்ணாடியில் பார்த்தால் பாலமே தெரியவில்லை. நீலப் புகை.

ஓரம் கட்டினார். முதலில் பயம்தான் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிம்மதியும் வந்தது. நிம்மதி வந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. போனை எடுத்தார்.

"அக்கா, வண்டி படுத்துடுச்சு. ஒரே புகை. டர்போ போயிடுச்சு போல."

"புகையா?" என்றாள் அக்கா. "சரி. வை."

மூன்றே வார்த்தை. திட்டியிருந்தால் தேவலை.

வண்டியை உருட்டாத குறையாகப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறையை நடத்துபவள் நாற்பது வயதுப் பெண். புருஷன் டயர் மட்டும் பார்ப்பான். எஞ்சினைத் திறப்பது அவள்தான். வாங்கிய வாரமே வண்டியைக் கையில் எடுத்து ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றித் தந்தவள் அவள். டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, விரிசல் விட்ட ஒன்றைத் தூக்கி எறிந்தாள். முன்னால் வைத்திருந்தவரை நம்பாமல் எல்லாவற்றையும் இன்றைய தேதியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவள் கொள்கை. போகும்போது மூன்று விஷயம் சொல்லி அனுப்பியிருந்தாள். கிளப்பிய உடனே விரட்டக் கூடாது. வேகமாக ஓட்டி வந்தால், நிறுத்தியதும் ஒரு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும், டர்போ பழுக்கச் சூடாகியிருக்கும். ஆயிலை வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

"என்னண்ணே, கொசு மருந்து அடிச்சிக்கிட்டே வர்றீங்க?" என்று வாசலிலேயே கேட்டாள்.

"டர்போ போயிடுச்சும்மா."

"நீங்களே சொல்லிட்டா நான் எதுக்கு? தள்ளுங்க." பானட்டைத் தூக்கினாள், எஞ்சின் சற்று ஆறும்வரை ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பிறகு குச்சியை உருவினாள். பார்த்தாள். துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள். "ஆயில் ஊத்துனீங்களா?"

"குறைஞ்சிக்கிட்டே இருந்துச்சும்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொடுத்தேன்." நோட்டை நீட்டினார். எங்கே போனாலும் அது கையில்தான்.

அவள் கிரீஸ் விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். "முதல் நாலு நாள் அளவு சரின்னு எழுதியிருக்கு. அதுக்கப்புறம் தினமும் குறைவு. தினமும் நூத்தம்பது. ஒன்பது நாள்!" நிமிர்ந்தாள். "வாரம் ஒருக்கா பாருங்கன்னா தினம் தினம் ஊட்டியிருக்கீங்க போங்க. அந்த அஞ்சாம் நாள் என்ன ஆச்சு? வண்டியை எங்க நிறுத்துனீங்க?"

"அதுவரைக்கும் தெருவுல. பூனை ஏறிக் கீறுதுன்னு உள்ள விட்டேன். வாசல்ல இடம் கம்மி. முன் சக்கரம் சரிவுல ஏறினாத்தான் கேட் சாத்தும்."

"எந்தச் சரிவு?"

"அம்மாவோட சக்கர நாற்காலிக்குக் கட்டினது."

அவள் வாயைத் திறந்து, மூடி, பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள். "அண்ணே, எங்க லாரிக்காரங்க உங்களைப் பத்தி என்னென்னமோ சொல்லுவாங்க. ஒரு சக்கரம் கல்லு மேல நின்னாலும் 'நேரா நிறுத்து'ன்னு உயிரை வாங்குவீங்களாமே? நீங்க மூக்கைத் தூக்கி நிக்கிற வண்டியில அளவு பார்த்திருக்கீங்க! ஆயில் பூரா பின்னாடி ஒதுங்கி நின்னிருக்கும். குச்சிக்கு எங்க எட்டும்?"

எடைமேடைக்காரருக்குக் காது மடல்வரை சூடேறியது. இருபத்தேழு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னது.

"டர்போ?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணும் ஆகல. அளவுக்கு மேல ஆயில் நின்னா நுரைச்சி, காத்துப் போற குழாய்ல ஏறி எரியும். அதான் புகை. இப்படியே ரெண்டு வாரம் ஓட்டியிருந்தா நீங்க சொன்னது பலிச்சிருக்கும்." உள்ளே போய், மெல்லிய குழாய் பொருத்திய ஒரு சின்ன உறிஞ்சும் பம்பைக் கொண்டுவந்தாள். "குச்சி போற வழியாவே உறிஞ்சிடலாம். இந்தக் குழாயைக் கொஞ்சம் பிடிங்க."

அவர் குழாயை வாங்கினார். நுனியைத் துடைத்தார். தள்ளாமல், இரண்டு விரலால் மெல்லச் சுழற்றிக்கொண்டே இறக்கினார். தட்டியதும் அரை அங்குலம் பின்னால் இழுத்துக்கொண்டு தலையசைத்தார். பம்பு ஓடியது. தேன் நிற ஆயில் ஜாடியில் விழுந்தது. நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் விட்டு, மறுபடி ஓட்டச் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்களா?"

"அம்மாவுக்குச் சளி எடுத்திருக்கேன்."

ஜாடியில் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் நின்றது. ஆயில் ஏறியிருந்த குழாயைக் கழற்றி, உள்ளே துடைத்து மாட்டினாள். வண்டியைத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டி வந்தாள். முதலில் கொஞ்சம் புகைந்தது, பிறகு நின்றது.

"அவ்வளவுதான். எங்க வேணா போகலாம். எங்கேயோ போகணும்னு சொல்லிட்டிருந்தீங்களே?"

"நாளைக்கு" என்றார். "போகலாமா இல்லையான்னு..."

"வண்டிக்கு ஒண்ணும் இல்லண்ணே," என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்தார். அக்காவைக் கூப்பிடப் போனை எடுத்து, வைத்தார். என்ன சொல்வது? சரியாகிவிட்டது என்றால், நாளை காலைக்குள் இன்னொன்று கெட்டுப்போகாது என்று அவருக்கே நிச்சயமில்லை. வாங்கியிருந்த ஆயில் கேனை மட்டும், கை எட்டாத பரண் மேல் ஏற்றினார்.

மறுநாள் ஐந்தரைக்கு வண்டியைச் சரிவிலிருந்து இறக்கித் தெருவில் நிறுத்தினார். சமமான இடம்தானா என்று குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். பத்து நிமிஷம் கழித்துக் குச்சியை உருவினார். இரண்டு கோட்டுக்கும் நடுவில். நோட்டில் எழுதினார்: சரி. கொடுத்தது ஒன்றுமில்லை. பிறகு நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

முதல் பத்து நிமிஷம் பையப் பைய ஓட்டினார். பிறகு நெடுஞ்சாலை. பக்கத்து இருக்கையில் மாற்றுச் சட்டைகள் வைத்த ஒரு பை, தண்ணீர் பாட்டில். பேச ஆளில்லாததால் லாரிகளின் எடையை மனசுக்குள் ஊகித்துக்கொண்டே போனார். ஒன்பதே முக்காலுக்கு அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த ஒரு நிமிஷம் அவர் ஓட்டி வந்த நாலு மணி நேரத்தைவிட நீளம். கை சாவி மேல் இருந்தது. வண்டி கியருக்கு ஏங்கி உறுமிக்கொண்டிருந்தது. திருப்பினால் திரும்பிவிடும்.

கேட் திறந்தது. அக்கா வந்தாள். தலை முன்னைவிட நரைத்திருந்தது. தெரியாத வண்டி ஒன்று வாசலில் உறுமுகிறதே என்று முகத்தில் சந்தேகம்.

"யாருங்க? யார் வேணும்?" கண்ணாடி இறங்கியது. அவள் குனிந்தாள். "வண்டி படுத்துடுச்சுன்ன?"

"எழுந்துடுச்சுக்கா."

"அப்ப ஏன் இறங்கல? வாசலைப் பார்த்துட்டுப் போகவா வந்த?"

"ஒரு நிமிஷம். சூடு ஆறணும்."

"யாருக்கு?"

"டர்போவுக்கு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருவரும் முன்னால் தெருவைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு அலமாரியைப் பத்தி நான் கேட்டது..." என்று ஆரம்பித்தார் அவர்.

"என்ன தேடினேன்னு நீ கேட்கவே இல்லையே."

"என்ன தேடின?"

"அம்மாவுக்கு உடுத்திவிட ஒரு நல்ல துணி. போட்டிருந்தது பூரா மருந்துக் கறை. வந்தவங்க முன்னாடி அப்படியே படுக்க வைக்க எனக்கு மனசு வரலடா."

அம்மா கடைசியில் பச்சைத் துணி உடுத்தியிருந்தாள். அது எங்கிருந்து வந்தது என்று நான்கு மாதத்தில் ஒருநாளும் அவர் யோசித்ததில்லை.

"ஒன்பது வருஷம் வரல, அது நிஜம்தான்," என்றாள் அக்கா. "அதுக்கு நீ திட்டலாம். இதுக்கு இல்ல."

"சரிக்கா."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுப் பெண் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நிமிஷம் ஆகலையா இன்னும்?" என்றாள் அக்கா. "பெட்ரோல் என்ன சும்மாவா வருது?"

கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. சாவியைத் திருப்பினார்.

"பையை நான் எடுத்துட்டு வரேன்," என்று அக்கா இறங்கினாள். "நீ முதல்ல போய்க் கையைக் கழுவு. ஒரே ஆயில் வாடை."