அவர் செருப்பில் என் நடை

என் கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். பிரான்சுக்கு வேலைக்குப் போனபோது பழைய தோல் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். விசா கிடைத்ததும் நானும் போவதாக இருந்தது. இன்னும் கிடைக்கவில்லை. அவர் போனதிலிருந்து அந்தச் செருப்பைத்தான் நான் போட்டுக்கொண்டு திரிந்தேன். சொல்லக் கூச்சம்தான், அதன் சரக் சரக் சத்தம் கேட்டால் அவர் வீட்டில் இருப்பதுபோல் இருக்கும்.

முட்டிவலி வந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிசியோதெரபி பார்க்கும் பெண் என்னைச் செருப்போடும் வெறுங்காலோடும் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு செருப்பைக் கவிழ்த்தார். குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது.

"இது யாருதுக்கா? வெறுங்கால்ல நேராத்தான் நடக்குறீங்க. இதைப் போட்டா பாதம் வெளிப்பக்கமா சாயுது. பெருசா வேற இருக்கா, கழண்டுக்காம விரலால புடிச்சிக்கிறீங்க. அதான் முட்டி வலிக்குது."

"எங்க வூட்டுக்காரரோடது."

"அவரு அப்படித்தான் சாஞ்சி நடப்பாரா?"

அப்படித்தான். கடற்கரைச் சாலையில் அவருக்குப் பின்னால் வரும்போதெல்லாம் நான் பார்த்த நடை. அது என் காலுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும், வலியோடேயே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அன்று போனில் அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"இங்க நாள் பூரா ஷூதான். கால் வலின்னு போனேன், ஷூவுக்குள்ள மெத்தை மாதிரி ஒண்ணு வச்சிக் குடுத்தாங்க. இப்ப நேரா நடக்குறேன். அந்தப் பழைய செருப்பைத் தூக்கிப் போடு."

அளவான செருப்பு வாங்கிவிட்டேன். வலி குறைந்துவிட்டது. பழையதை மட்டும் தூக்கிப் போடவில்லை. எனக்குத் தெரிந்த அவர் நடை இப்போது அதன் தேய்மானத்தில்தான் இருக்கிறது.