அக்காவும் அந்த ஆங்கிலத் தேர்வும்

இன்று எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், அக்காவுடன் பணிபுரிந்தவர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. நல்லதாக நாலு வரி எழுதி, படத்தைப் பெரிதாகப் போட்டால் போதும் என்று அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நடந்ததெல்லாம் எழுது சாமி. நாஞ் செஞ்சதையும் சேத்து எழுது," என்றார். அதனால் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா குமாரபாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர். பிறந்தது விசைத்தறிச் சத்தத்தில், வளர்ந்ததும் அதே சத்தத்தில். அவர் பிளஸ் ஒன் படிக்கும்போது அப்பா நோயில் விழுந்து வெகுநாள் மருத்துவமனையில் கிடந்தார். அங்கே ஒரு நர்ஸ், "ஐயா, கொஞ்சம் திரும்புங்க. ஐயா, இன்னொரு வாய் சாப்புடுங்க," என்று கடைசி நாள் வரைக்கும் மரியாதை குறையாமல் பேசுவாராம். அப்பா போன பிறகு அக்கா நர்சிங் படிக்கப் போகிறேன் என்றார். அம்மா குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார்.

வெளியூர் நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்பு அரளியும் வைத்து, வெளியே தெரியாமல் மடித்து அம்மன் காலடியில் போடுவோம். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. படிப்போ கல்யாணமோ புதுத் தறியோ, பூக் கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. எதற்கெடுத்தாலும் டாக்டர் மாதிரி காரணம் கேட்டு எங்களிடம் வாதாடும் அக்காவும் அம்மன் வாக்கை மட்டும் மீறியதில்லை.

படித்து முடித்துச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணமாகிக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனார். மாமா லாரி மெக்கானிக், தங்கமான மனிதர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கு வார்டில் படுத்திருக்கும் எண்பது வயதுக்காரரும் சாமிதான், ஊசிக்குப் பயந்து அழும் குழந்தையும் சாமிதான். யாராக இருந்தாலும் அக்கா வாயில் 'ங்க' போட்டுத்தான் வரும். நினைவில்லாமல் கிடப்பவரிடம்கூட, "ஏனுங்க, கையக் கொஞ்சம் நீட்டுங்க," என்று கேட்டுவிட்டுத்தான் ஊசி போடுவார். உடன் வேலை செய்தவர்கள் இதற்காக அவரைக் கேலி செய்வார்களாம்.

அக்காவோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். போவதற்கு ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். காதால் கேட்பது, படிப்பது, பேசுவது எல்லாவற்றிலும் அக்கா தேறிவிட்டார். எழுத்தில் மட்டும் கொஞ்சத்தில், கொஞ்சத்திலும் கொஞ்சத்தில், தவறிக்கொண்டே இருந்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தார். அங்கிருந்த மேடம் அக்கா எழுதிய தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். நோயாளியைப் பற்றி எழுத வேண்டிய கடிதத்தில் அக்கா, 'தி பேஷண்ட் ஆர் ஸ்டேபிள், ஹிஸ் வைஃப் ஆர் வித் ஹிம்' என்று வரிக்கு வரி எழுதியிருந்தார்.

"எத்தனை பெரியவரா இருந்தாலும் ஒருத்தர் ஒருத்தர்தாம்மா. 'இஸ்' போடணும்," என்று மேடம் சொன்னார்.

"தெரியுதுங் மேடம். பெரியவங்களப் பத்தி எழுதும்போது 'இஸ்' போட்டா மரியாதக் கொறச்சலாத் தெரியுது, கை கேக்க மாட்டேங்குதுங்க," என்றாராம் அக்கா.

எழுவாயும் வினையும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் விதி. எங்கள் வீட்டில் அந்த விதி தெரியாதவர் இப்போது யாருமில்லை. பலராக இருந்தால் பெயரில் 'எஸ்' வரும், வினையில் வராது. ஒருவராக இருந்தால் பெயரில் வராது, வினையில் வரும். அந்த 'எஸ்' வீட்டுச் சாவி மாதிரி, ரெண்டு பேரில் ஒருத்தரிடம்தான் இருக்கும் என்று அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம சொந்தக்காரங்களே ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போறதில்ல. இந்த எழுத்து ஒத்துப்போகலீன்னு பெயிலாக்கிப் போட்டானாக்கும்," என்றார். அக்கா வயிறு வலிக்கச் சிரித்தார்.

எனக்கு அந்தத் தேர்வின் மேல் இன்றும் கோபம் தீரவில்லை. இத்தனை பேர் உடம்பைத் தொட்டுப் பார்த்து உயிரைப் பிடித்து நிறுத்தியவரை ஓர் 'இஸ்' வாசலில் நிறுத்தி வைத்தது. ஆனால் அக்கா கோபப்பட்டதில்லை. "விதி விதிதான் சாமி. மருந்து அளவு தப்பினா ஒத்துக்குவமா?" என்பார்.

அப்புறம் வயிற்றில் கட்டி வந்தது. ஸ்கேன் அறிக்கையை டாக்டருக்கு முன்னால் அக்காவே வாங்கிப் படித்தார். நானும் மாமாவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். படித்து முடித்து உறைக்குள் வைத்துவிட்டு, "பசிக்குது, சாப்புட்டுப் போலாம் வாங்க," என்றார். அன்று கேன்டீனில் எங்களுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் அக்கா குமாரபாளையத்துக்கு அம்மாவிடம் வந்துவிட்டார். மாமா ஞாயிறுதோறும் வருவார். தறியை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "ஓட்டு சாமி, சத்தம் இல்லீன்னா எனக்குத் தூக்கம் வராது," என்றார். படுக்கையில் சாய்ந்துகொண்டு மறுபடியும் பயிற்சித் தாளை எடுத்தார். தறிக்கு நடுவே என்னைக் கூப்பிட்டு, "தம்பி, 'தி நியூஸ்'ங்கறதுக்கு இஸ்ஸா, ஆரா?" என்பார். செய்தி என்றால் பல செய்திதானே என்று நினைத்து, "ஆர் தானுங்க்கா," என்பேன். தப்பாக இருக்கும். தறி ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும்? அவர் உடம்பைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர் படிப்பைப் பற்றியும் தெரியவில்லை. போனில் போட்டால் அதுவே திருத்திக் கொடுத்துவிடுமே என்று ஒருநாள் சொன்னேன். "அது திருத்துனா அது பாஸ். நான் எப்பப் பாஸாவறது?" என்றார்.

ஒருநாள் காலை, கோயமுத்தூரில் தேர்வு எழுதத் தேதி வாங்கிவிட்டதாகச் சொன்னார். அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ரத்தத்தில் அணுக்கள் குறைந்திருந்த நேரம் அது. டாக்டர், பயணம் நல்லதில்லை, அப்புறம் அவங்க இஷ்டம் என்று சொல்லியிருந்தார்.

"எந்த நாட்டுக்கு இனிப் போகப் போற சாமி? எதுக்கு இந்தப் பரிச்ச?" என்று அம்மா கேட்டார்.

"எங்கயும் போகப் போறதில்லன்னு எனக்குத் தெரியும்மா. இதுல மட்டும் ஒருக்காப் பாஸாயிப் பாத்தர்றேன். இப்ப எனக்குத் தப்பே வாரதில்ல," என்றார் அக்கா.

உண்மைதான். பயிற்சி மைய மேடம் போனிலேயே கடிதம் எழுதச் சொல்லித் திருத்திப் பார்த்துவிட்டு, இந்த முறை கட்டாயம் தேறிவிடுவார் என்று என்னிடமே சொன்னார். போகட்டும் என்று மாமா நினைத்தார். எனக்கு எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில் அம்மாதான், அம்மனிடம் பூக் கேட்டுவிடலாம் என்றார். அக்கா மறுபேச்சில்லாமல் சரி என்றார்.

பவானி தாண்டிப் போக வேண்டும் எங்கள் கோயிலுக்கு. காரை நான்தான் ஓட்டினேன். பொட்டலங்களை அம்மா வீட்டிலேயே மடித்துக்கொண்டு வந்திருந்தார். பூசாரி அவற்றை அம்மன் காலடியில் வைத்துப் பூஜை செய்தார். அக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். சிவப்பு. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா அம்மனைக் கும்பிட்டுவிட்டு, "சரிம்மா, போகல," என்றார்.

பூசாரி விபூதியோடு மிச்சமிருந்த பொட்டலத்தையும் அக்கா கையில் கொடுத்தார். நடக்க முடியாததால் அவரைக் காரில் உட்கார வைத்தேன். அம்மா விளக்குப் போட உள்ளே போயிருந்தார். அக்கா அந்தப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். அதிலும் சிவப்பு அரளிதான்.

"அம்மாகிட்டக் கேக்காத சாமி. பயந்துட்டாங்க, பாவம்," என்றார். பூவை மறுபடி மடித்து என்னிடமே கொடுத்தார்.

அடுத்த மாதமே அக்கா போய்விட்டார். தேர்வு நாளன்று அவருக்குக் காய்ச்சல்கூட இல்லை. எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். பயிற்சித் தாளை அதன் பிறகு அவர் கேட்கவில்லை, நாங்களும் எடுத்துக் கொடுக்கவில்லை.

கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ரெண்டு பொட்டணத்துலயும் செவப்பரளிதான் வெச்சேன். பரிச்சைக்குப் போற வழியில உழுந்து கிழுந்து போச்சுன்னா என்ன பண்றதுன்னு பயம். எம்புள்ளையயும் ஏமாத்துனேன், அம்மனையும் ஏமாத்துனேன். எழுதியிருந்தாப் பாஸாயிருப்பா," என்று அழுதார். அந்த அழுகையைப் பார்க்க என்னால் முடியவில்லை. அக்காவுக்கு அன்றைக்கே தெரியும் என்றும், காரில் என்ன சொன்னார் என்றும் சொல்லிவிட்டேன். மனம் ஆறும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "தெரிஞ்சிருந்துமா போகாம இருந்தா?" என்றார். அன்றிலிருந்து அம்மா கோயிலுக்குப் போவதில்லை.

அக்காவுக்காக ரத்தம் கொடுத்த தறித் தொழிலாளர்களுக்கும், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உடனிருந்த நர்ஸ் சகோதரிகளுக்கும், தேர்வு இல்லையென்று ஆன பிறகும் வாரம் தவறாமல் போன் செய்த மேடத்துக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காத மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சாம்பலைக் கரைக்கக் கூடவே வந்து ஆற்றில் இறங்கி நின்ற தெருக்காரர்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

அம்மா இப்போதும் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "காருக்குள்ள அவ என்ன சொன்னா? மறுக்காச் சொல்லு," என்று கேட்கிறார். சொல்கிறேன். முடிந்ததும், "கோவமாச் சொன்னாளா?" என்கிறார். "இல்லீங்கம்மா, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க," என்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் சாப்பிடப் போகிறார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த மலரை அவருக்குப் படித்துக் காட்டுகிறவர்கள் தயவுசெய்து இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்கா அன்று சிரிக்கவில்லை. கோயிலிலிருந்து திரும்பும்போது அம்மா என் பக்கத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, அம்மாவுக்குச் சத்தம் கேட்காமல், வீடு வரைக்கும் அழுதுகொண்டு வந்தார். நான் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.