ஏரி பார்க்கப் போகவில்லை

இங்கே சுவிஸில் எங்கள் ஊர்ச்சபையின் பிரஜாவுரிமைக் குழு முதல் தடவை எங்களைக் கூப்பிட்டு இருத்தியபோது, "ஓய்வு நாட்களில் எங்கே சுற்றுலாப் போவீர்கள்?" என்று கேட்டது. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த மனிதர் கேட்டார், பக்கத்துப் பெண் எழுதினார், மூன்றாமவர் தண்ணீர் குடித்தார். நான் உள்ளதைச் சொன்னேன். பாடனுக்குப் போவோம், கலியாண வீட்டுக்கு. சூரிச்சுக்குப் போவோம், வயதுக்கு வந்த பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு. ஜெனீவாவுக்குப் பல தடவை போயிருக்கிறோம்.

ஜெனீவா என்றதும் அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. "அங்கே என்ன பார்த்தீர்கள்?"

"பார்க்கப் போகவில்லை" என்று தொடங்கினேன். மேசைக்குக் கீழே என் கணவர் என் காலை ஓங்கி மிதித்தார். நான் வாயை மூடுவதற்குள் அவர் தொடர்ந்துவிட்டார். "ஏரி. ஏரியும் அந்தப் பெரிய நீரூற்றும். மிகவும் அழகு."

பெண் எழுதிக்கொண்டார். சில வாரங்களில் கடிதம் வந்தது. நாட்டு வாழ்க்கையோடு எங்களுக்குப் போதிய தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லையாம், இன்னொரு தடவை அழைப்பார்களாம்.

எனக்கு வந்த கோபத்தை எழுதித்தான் ஆக வேண்டும். இருபத்தாறு வருடமாக இந்த ஊர் முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்த்து, இஸ்திரிப்பெட்டியால் மினுக்குகிறவள் நான். இந்த ஊர்ப் பெரியவர்களின் உள்சட்டை வரைக்கும் எனக்குத் தெரியும். யாருக்குக் கழுத்துப்பட்டி உரசக் கூடாது, யார் பொத்தானைக் கடித்துப் பிய்ப்பார் என்று கேளுங்கள், வரிசையாகச் சொல்லுவேன். என் கணவர் பேர்ண் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிப்போய்ச் சத்திரசிகிச்சை அறையில் விடுகிறவர். கேள்வி கேட்ட அந்த மனிதரையே ஒருநாள் தள்ளியிருந்தாலும் ஆச்சரியமில்லை. எங்களுக்குத் தொடர்பில்லையாம்!

ஆனால் மெய்யான கோபம் குழுவின் மேல் இல்லை, ஏரி என்று சொன்ன மனுசன் மேல்தான். எங்கள் நாட்டில் போர் முடிந்த அந்த வருடம் நாங்கள் ஜெனீவாவுக்குப் போனது ஐ.நா. சபைக்கு முன்னாலுள்ள முற்றத்தில் நின்று கத்துவதற்கு. அவருடைய அக்கா அப்போது வன்னிக்குள் அகப்பட்டிருந்தா. இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. அக்காவின் படத்தைப் பெரிதாக்கி மட்டையில் ஒட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சனக்கூட்டத்தின் முன்வரிசையில் நின்று கத்தினவர் இவர். தொண்டை கட்டி, ஒரு கிழமை குரலே இல்லாமல் கைச்சாடையில் கட்டில் தள்ளினார். அந்த நாட்களில் ஏரி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அவருக்குப் பிரஜாவுரிமை எவ்வளவு வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இங்கே பிறந்த மகள் படிக்கிற காலத்திலேயே அதை எடுத்துவிட்டாள். அவளுக்கு வாக்குச்சீட்டு உறை வரும்போதெல்லாம் முதலில் பிரிப்பவர் இவர்தான். எந்தெந்தச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு என்று விளக்கும் சின்னப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் வாசித்து, எதற்கு ஓம் போட வேண்டும், எதற்கு இல்லை போட வேண்டும் என்று அவளோடு வாதாடுவார். "அப்பா, அது என்ர வோட்" என்று அவள் உறையைப் பறித்துக்கொண்டு போவாள். இவர் வெறுங்கையோடு மேசையில் இருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

இரண்டாவது அழைப்பு வந்ததும் மனுசன் பாடம் எழுத ஒரு கொப்பி வாங்கிவிட்டார்.

"உவை கேட்டதிலை பிழையில்லையப்பா. நாங்கள் ஒரு இடமும் போய்ப் பாக்கேல்லைத்தானே. தெற்கே பெலின்சோனாவுக்கு ஒருநாள் போவம். மூண்டு கோட்டை இருக்கு. உலகமே பாக்க வருகுது."

"அப்ப ஜெனீவாவைக் கேட்டா?"

"அது ஏரிதான். எத்தினை தரம் கேட்டாலும் ஏரிதான். விளங்கிச்சோ?"

"எனக்கு விளங்குது. உங்கட அக்காவுக்கு விளங்குமோ?" என்றேன். சுடச்சுடக் கேட்டுவிட்டேன். அவர் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை விடியவே வெளிக்கிட்டோம். லுசேர்னில் ரயில் மாறினோம். ஏரியும் மலையும் யன்னலால் ஓடின. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை, என்னிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூண்டு கோட்டையின்ர பேரையும் சொல்லும்."

"காஸ்டெல்கிராண்டே. மொன்டேபெல்லோ. சாஸ்ஸோ கொழும்போ."

"கொர்பாரோ! சாஸ்ஸோ கொர்பாரோ! பகிடி விடுற நேரமே இது?"

கோத்தார்ட் சுரங்கத்துக்குள் ரயில் புகுந்து இருட்டியபோதுதான் கொப்பியை மூடினார். வெளியே வந்தால் வெயில். அறிவிப்புப் பலகைகளில் ஜெர்மன் மறைந்து இத்தாலி மொழி வந்துவிட்டது. இத்தனை வருடம் தடவித் தடவிப் பிடித்த பாஷை ஒரு மலைக்கு இந்தப் பக்கம் செல்லாக்காசு, குழுக்காரருக்கும் அப்படித்தான் என்று நினைக்க எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது.

பெரிய கோட்டைக்குப் பாறையைக் குடைந்து லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். யாரும் ஏறக் கூடாதென்று கட்டின கோட்டைக்குப் பொத்தானை அழுத்தினால் ஏற்றிவிடுகிறார்கள். மேலே போனதும் அவர் என்னைக் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தினார், மதிலுக்கு முன்னால் நிறுத்தினார், மூன்று கோட்டையும் ஒரே படத்தில் விழவேண்டும் என்று பின்னால் பின்னால் போய் ஒரு சின்னப்பிள்ளையின் தள்ளுவண்டியில் முட்டினார். எல்லாம் குழுவுக்குக் காட்ட. பயணச்சீட்டையும் பத்திரமாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார்.

கோட்டையிலிருந்து ஒரு நீண்ட மதில் பள்ளத்தாக்கை மறித்துக்கொண்டு இறங்குகிறது. அதன் மேலேயே நடக்கலாம். தொடக்கத்தில் ஜெர்மனிலும் எழுதிய ஒரு பலகை இருந்தது. அவர் விரலை வைத்து வாசித்தார்.

"மிலான் பிரபுக்கள் கட்டின மதிலாம்."

"ஆரை மறிக்கவாம்?"

அவர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சுவிஸ்காரரை."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வகுப்பே திரும்பிப் பார்த்தது. எங்களைச் சுவிஸ்காரராகக் காட்டிக்கொள்ள மூன்று மணித்தியாலம் ரயிலேறி வந்து பார்ப்பது, சுவிஸ்காரரை உள்ளே விடாமல் கட்டின மதிலை! அவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். கடிதம் வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

மிச்சத்தை நடந்துகொண்டே சொன்னார். மதில் நிற்கவில்லையாம். வடக்கிலிருந்து வந்த சுவிஸ்காரர் பிடித்து, நெடுங்காலம் எசமான்களாக இருந்து ஆண்டார்களாம். பிறகுதான் இந்தப் பகுதியும் மற்ற மாநிலங்களுக்குச் சமமாக எழும்பி நின்றதாம்.

"அதுக்கு இஞ்சத்தையாக்கள் பாஷையை மாத்தினவையோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"நடந்ததை மறைச்சவையோ?"

"பலகையிலை எழுதி வைச்சிருக்கினமே."

"அதுதான் கேக்கிறன்" என்றேன். அவர் மதில் முடியும் வரை எனக்கு முன்னால் நடந்தார்.

மத்தியானம் சதுக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் இருந்தோம். அந்தப் பகுதிச் சாப்பாடான பொலெந்தா சாப்பிட வேண்டும் என்பது கொப்பியில் இருந்தது. வந்ததைப் பார்த்தால் தண்ணீர் கூடிப்போன உப்புமா. நல்லவேளை, என் கைப்பையில் சின்னப் போத்தலில் உறைப்பான கட்டைச்சம்பல் இருந்தது. பணிப்பெண் எங்கள் வயதுதான் இருக்கும். நான் அவரைக் கூப்பிட்டு, என் பேர்ண் ஜெர்மனில், இன்னொரு கரண்டி தருவீர்களா என்று கேட்டேன். அவர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, கரடுமுரடான ஜெர்மனில் பொரிந்து தள்ளினார்.

"கோத்தார்டைத் தாண்டி வந்து இருந்தவுடனே ஜெர்மன்! ஒரு பொன்ஜோர்னோ, ஒரு வணக்கம் சொன்னால் நாக்குச் சுளுக்கிவிடுமா? நீங்கள் ஜெர்மன் சுவிஸ்காரர் எல்லாரும் இப்படித்தான்!"

யாரையடா ஏசுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. ஏச்சு எங்களுக்குத்தான். என் கணவர் எழும்பி மன்னிப்புக் கேட்டார், அதையும் ஜெர்மனிலேயே கேட்டார். பணிப்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியோடு ஆவி பறக்க இரண்டு கோப்பி கொண்டுவந்து வைத்து, பொன்ஜோர்னோவை எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார்.

"கேட்டீரோ?" என்று என் கணவர் மெல்லக் குனிந்து சொன்னார். "எங்களைச் சுவிஸ்காரர் எண்டு ஏசிப்போட்டுப் போறா."

"ஓம். நாங்கள் வாயைத் திறந்து கதைச்சதாலைதான் ஏச்சு விழுந்தது. அதுக்கு ஏரி எண்டு பொய் சொல்லத் தேவைப்படேல்லை" என்றேன்.

அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

திரும்பி வரும்போது ரயிலில் பாடம் கேட்கவில்லை. கொப்பி பைக்குள்ளேயே கிடந்தது. களைப்பு என்று நினைத்தேன். சுரங்கம் கடந்து வெகுநேரத்துக்குப் பிறகு, "அக்காவின்ர அந்தப் படம், மட்டையிலை ஒட்டினது, எங்கை வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டார். அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். தலையாட்டினார்.

இரண்டாம் தடவையும் அதே மூன்று பேர், அதே தண்ணீர்ப் போத்தல். பெலின்சோனாவை நான் சொன்னேன். கோட்டைப் பெயர்கள் மூன்றையும் ஒழுங்காகச் சொன்னேன். சுவிஸ்காரரை மறிக்கக் கட்டின மதிலில் நடந்தோம் என்றதும் தண்ணீர் குடிக்கிறவருக்குப் புரையேறியது. நடுவில் இருந்த மனிதர் திருப்தியாகத் தாளைப் புரட்டினார்.

"நல்லது. போன தடவை ஜெனீவா ஏரியைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள்" என்றார்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். என் கணவர் எவ்வளவு ஆசையோடு அந்த உறைகளைப் பிரிப்பார் என்று நினைத்தேன். இந்த மனுசனுக்காக ஒருதரம் விழுங்குவோம் என்று, வெட்கத்தைவிட்டுச் சொல்லுகிறேன், அந்த நிமிடத்தில் நானே ஏரிக்குத் தயாராகிவிட்டேன். வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அவர் என் காலை மிதித்தார்.

"அது நான் சொன்ன பொய்" என்றார். அவருடைய ஜெர்மன் எப்போதும் கால் இடறும். அன்றைக்கு ஒரு சொல்லும் இடறவில்லை. "நாங்கள் ஏரி பார்க்கப் போகவில்லை. கத்தப் போனோம். என் அக்கா போருக்குள் இருந்தா. அவவின் படத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கத்தினேன்."

எழுதுகிற பெண்ணின் பேனை நின்றது.

"நீங்கள் எங்களுக்குப் படிக்கத் தந்த புத்தகத்தில், கூடி நின்று குரல் கொடுக்கிற உரிமை என்று ஒரு பாடம் இருக்கிறது" என்று அவர் தொடர்ந்தார். "அதை நாங்கள் படிக்க முதலே செய்து முடித்துவிட்டோம். அதை எழுதிக்கொள்ளுங்கள்."

அந்தப் பெண், நடுவில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். நீளமாகவே எழுதினார். முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அலுமாரியை நகர்த்தி அக்காவின் படத்தை எடுத்துத் துடைத்து, வாசலில், கடிதம் போடுகிறவருக்கும் தெரியக்கூடிய இடத்தில் ஆணி அடித்து மாட்டினார். கடிதம் இன்னும் வரவில்லை. வரட்டும்.