இரும்புச் சட்டைக்காரனின் கடைசிப் பக்கம்

சாமி சத்தியம் செய்தால் அண்ணன் நம்பமாட்டான். "வாள் மேல ஆணைன்னு சொல்லு" என்பான். எங்களுக்கு அப்படிக் கிறுக்குப் பிடிக்க வைத்தவன் ஒரு படக்கதை வீரன். ஏதோ வெள்ளைக்காரச் சீமையின் பழங்காலத்துக் கோட்டை, குதிரை, தலை முதல் கால் வரை இரும்பு. உயிரே போனாலும் கொடுத்த வாக்கை மீறமாட்டான். சுத்தத் தமிழில் பேசிய அவனை நாங்கள் இரும்புச் சட்டைக்காரன் என்றே அழைத்தோம். மலையடிவாரத்தில் உள்ள ஆலங்காயத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள்.

ஒன்றில் மட்டும் கடைசிப் பக்கம் இல்லை. வீரனோடு கூடவே வளர்ந்த தோழன் கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிடுகிறான். வீரன் அவன் கழுத்துக்கு நேரே வாளை ஓங்குகிறான். அவ்வளவுதான், அதற்குமேல் கிழிந்துவிட்டது. வெட்டியிருப்பான் என்பான் அண்ணன். மன்னித்திருப்பான் என்பேன் நான். தட்டில் சோறு ஆறிப்போகும் வரை சண்டை போடுவோம்.

எங்கள் மலையில் விதைச் சாமையை அடுப்புக்கு மேல் பரணில் வைப்போம், புகை பட்டால் பூச்சி அண்டாது. புத்தகங்களையும் ஒரு மூங்கில் கூடையில் போட்டு அங்கேயே வைத்தேன். ஒருவரைக் கேட்காமல் மற்றவர் வெளியே கொடுப்பதில்லை என்று இருவரும் வாள் மேல் ஆணையிட்டோம். பிறகு அண்ணன் ஆலங்காயத்தில் செல்போன் கடை போட்டுக் குடியேறினான். நான் மலைமேல் எங்கள் காவலூரிலேயே வாழ்க்கைப்பட்டேன், கூடையும் என்னோடு வந்தது. கேஸ் அடுப்பு வந்த பிறகும் அதற்காகவே விறகு எரித்தேன். மாமியார் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

போன தையில் அண்ணன் வந்தான். "ஸ்கேன் பண்ணி எடுத்துக்கினு வர்றேன் பாப்பா" என்று கூடையோடு தூக்கிக்கொண்டு போனான். கேட்கும்போதெல்லாம் மெஷின் ரிப்பேர் என்றான்.

ஒரு நாள் என் மகள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். சென்னையில் பழைய காமிக்ஸ் சேர்ப்பவர் ஒருவர், என் புத்தகங்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறார். "புகை வாசனை வருது, ஆனா ஒரு பூச்சி ஓட்டை இல்லை! எப்படிங்க?" பக்கத்தில் அண்ணன், புதுச் சட்டையில்.

"வூட்டு அடுப்பு மேல வெச்சிருந்தேங்க. சின்ன வயசிலேர்ந்து நான்தாங்க காப்பாத்தினு வர்றேன்."

விற்றதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த 'நான்தாங்க'வைத்தான் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலை பஸ்ஸிலேயே ஆலங்காயம் போனேன்.

கடையில் அவன் மட்டும் இருந்தான். "இன்னாண்ணா இது? வாள் மேல ஆணைன்னு சொன்னியே?" என்றேன். தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதுவிட்டுத் திரும்பியிருப்பேன். அவனோ கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக்கூடக் கீழே வைக்காமல் சிரித்தான்.

"கோச்சிக்காத பாப்பா. எப்பவும் மன்னிச்சிருப்பான்னு சொல்ற ஆளாச்சே நீ."

அதை நம்பித்தான் செய்திருக்கிறான். டீ சொல்லட்டுமா என்று வேறு கேட்டான். நான் வெளியே வந்துவிட்டேன்.

மலை ஏறும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி அந்தக் கிழிந்த பக்கத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷச் சண்டையில் அண்ணன் சொன்னதுதான் சரி. வெட்டியிருப்பான்.